விண்வெளி வீரரின் ரத்தத்தில் கதிர்வீச்சின் தடம்

விண்வெளிக்குச் சென்று திரும்பியவரின் உடல் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றது என்பதை இரண்டு சாட்சிகளிடம் கேட்கலாம். ஒன்று, அவர் உடையில் பொருத்தியிருந்த அளவுமானி. மற்றொன்று, அவருடைய ரத்தம். அளவுமானி தன்மேல் விழுந்த துகள்களைக் கணக்கிடும். அந்தத் துகள்கள் உடலுக்குள் எதைச் சிதைத்தன, உடல் அதை எப்படிச் சமாளித்தது என்பது அதற்குத் தெரியாது. ஒரே அளவு கதிர்வீச்சு இருவர்மேல் விழுந்தாலும் இருவருக்கும் ஒரே விளைவு நேர்வதில்லை. வயது, பாலினம், பிறவியிலேயே அமைந்த பழுதுநீக்கும் திறன் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ரத்த வெள்ளணுக்களில் எந்த மரபணுக்கள் முடுக்கம் பெற்றுள்ளன, எவை அடங்கியுள்ளன என்று பார்த்து, உடல் ஏற்ற கதிர்வீச்சை மதிப்பிடும் முறை கடந்த கால் நூற்றாண்டில் வளர்ந்து வந்திருக்கிறது.

இந்தக் கதிர்வீச்சு எங்கிருந்து வருகிறது, தரையில் வாழ்பவர்களை அதிலிருந்து எது காக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கொடைக்கானல் மிகப் பொருத்தமான இடம். பழனி மலைத்தொடரின் மேல், கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அங்குள்ள சூரிய ஆய்வகம் நிற்கிறது. வளிமண்டலத்தின் மொத்தக் காற்றில் ஏறத்தாழக் கால்பங்கு அந்த உயரத்துக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. காற்று மெலிந்த அளவுக்குக் காஸ்மிக் கதிர்கள் கூடுகின்றன. வத்தலக்குண்டிலோ பழனி நகரிலோ வாழ்பவரைவிடக் கொடைக்கானல்வாசிக்கு வானிலிருந்து இறங்கும் கதிர்வீச்சு ஏறத்தாழ இருமடங்கு. ஆனாலும் ஆண்டு முழுவதற்கும் அது 1 மில்லிசீவர்ட்டை (உடலுக்கு நேரும் கதிர்வீச்சுப் பாதிப்பின் அலகு) எட்டுவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர் ஏறத்தாழ இரண்டே நாளில் அந்த அளவைப் பெற்றுவிடுகிறார்.

காற்றைத் தவிர இன்னொரு கவசமும் இருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்பகுதியை ஒட்டிச் செல்கிறது. அங்கே காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடப்பதால், மேலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் அவற்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும். ஒரு புரோட்டான் கொடைக்கானலின் தலைக்குமேல் செங்குத்தாக இறங்க வேண்டுமானால் அதற்கு ஏறத்தாழ 16 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. உலகில் காணப்படும் மிக உயர்ந்த தடைகளுள் இது ஒன்று. துருவங்களில் இந்தத் தடை பெயரளவுக்கே உண்டு. 1950களில் விக்ரம் சாராபாய் தலைமையில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் காஸ்மிக் கதிர் அளவீட்டு நிலையங்களுக்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் குல்மார்க், திருவனந்தபுரம் ஆகியவற்றோடு கொடைக்கானலும் இருந்தது. உயரமும் காந்த நடுக்கோட்டின் அண்மையும் ஒருங்கே அமைவது அரிது. மலையின் உச்சியில் வாழ்ந்தாலும் பழனி மலைவாசி இயற்கையின் இரட்டைக் காவலுக்குள் இருக்கிறார். நிலவை நோக்கிச் செல்பவருக்கு இவ்விரண்டில் ஒன்றும் கிடையாது.

விண்வெளியில் கதிர்வீச்சுக்கு இரண்டு ஊற்றுகள். முதலாவது, விண்மீன்களின் வெடிப்பு போன்ற நிகழ்வுகளில் பிறந்து அண்டவெளியிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்கள், அதாவது அண்டக் கதிர்கள். அவற்றில் பெரும்பகுதி புரோட்டான்கள், அடுத்து ஹீலியம் கருக்கள், நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இரும்பு போன்ற கன அணுக்கருக்கள். எண்ணிக்கையில் குறைவானாலும் இந்தக் கன அணுக்கருக்கள் செல்லைத் துளைத்துச் செல்லும் பாதை நெடுகிலும் அடர்ந்த சேதத்தை விட்டுச்செல்கின்றன. இரண்டாவது ஊற்று சூரியன். அது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பெருவெடிப்பு நேர்ந்தால் சில மணி நேரத்திலேயே, நோய்ப்படுத்தும் அளவுக்குப் புரோட்டான்களை வீசிவிடும்.

சூரியனின் இந்த மாறும் போக்கைக் கொடைக்கானல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவுசெய்திருக்கிறது. 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியின் பயனாக 1899-ல் இங்கே ஆய்வகம் உருவானது. சார்லஸ் மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்குதான் கண்டறிந்தார். 1904-ல் தொடங்கிய வெள்ளொளிப் படங்கள், அடுத்து கால்சியம் ஒளியிலும் 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் எடுத்த படங்கள் எனச் சேர்ந்த தொகுப்பு உலகின் நீண்ட சூரியப் பதிவுகளுள் ஒன்று. பஞ்சத்தின் காரணத்தைத் தேடத் தொடங்கிய அந்தப் பணி இன்று விண்பயணத்தின் ஆபத்தைக் கணிக்க உதவுகிறது என்பது அறிவியலில் பொறுமைக்குக் கிடைத்த பலன். ஏனெனில் சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் சூரியனின் காந்தக் காற்று அண்டக் கதிர்களை வெளியே தள்ளுகிறது. புள்ளிகள் அருகும் ஆண்டுகளில் அண்டக் கதிர்கள் மிகுகின்றன. நீண்ட பயணத்தைத் திட்டமிடுபவர் மெல்லச் சேரும் அண்டக் கதிர்களுக்கு அஞ்சுவதா, திடீரென எழும் சூரியப் புயலுக்கு அஞ்சுவதா என்று முடிவெடுக்க இந்தச் சுழற்சியின் வரலாறு தேவை.

1972 ஆகஸ்ட் தொடக்கத்தில் அத்தகைய புயல் ஒன்று எழுந்தது. நிலவுக்குச் சென்ற அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்போலோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. இடைப்பட்ட காலமாக இருந்ததால் யாரும் சிக்கவில்லை. அந்த நாட்களில் நிலவின் தரையில் ஒருவர் நடந்துகொண்டிருந்தால் கடுமையாக நோயுற்றிருப்பார் என்பதே பின்னர் செய்யப்பட்ட கணக்கீடுகளின் முடிவு. வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். வேகமான புரோட்டான்கள் சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைக் கவனிக்கிறது. அதன் முதன்மைக் கருவியை உருவாக்கிய இந்திய வான் இயற்பியல் நிறுவனமே கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது. இத்தகைய கண்காணிப்பு புயல் எழுவதைச் சொல்லும். புயல் கடந்தபின் கலத்திலுள்ளவர்களில் யார் எவ்வளவு பாதிக்கப்பட்டார் என்ற கேள்விக்கு விடை ரத்தத்தில்தான் இருக்கிறது.

ரத்தத்தைத் தேர்ந்ததற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. எளிதில் எடுக்கலாம். உடல் முழுவதும் சுற்றிவருவதால் எல்லா உறுப்புகளின் நிலையையும் ஓரளவு காட்டும். அதிலுள்ள லிம்போசைட் என்னும் வெள்ளணு கதிர்வீச்சுக்கு மிக எளிதில் பாதிப்படையும் செல். பழைய முறை இந்தச் செல்லின் குரோமோசோம்களை எண்ணுவது. கதிர்வீச்சு இரண்டு குரோமோசோம்களை உடைத்து, உடைந்த துண்டுகள் தவறாக ஒட்டிக்கொள்ளும்போது இரட்டை மையம் கொண்ட விந்தை வடிவம் தோன்றும். ஆயிரம் செல்களில் இத்தகையவை எத்தனை என்று எண்ணினால் அளவு தெரியும். 1965 மார்ச் 23 அன்று பறந்த அமெரிக்காவின் ஜெமினி 3 கலத்தில் மனித ரத்தத்தையே ஏற்றிச்சென்று, சுற்றுப்பாதையில் வைத்துப் பாஸ்பரஸ்-32 கதிர்களுக்கு ஆட்படுத்திப் பார்த்தார்கள். எடையின்மை கதிர்வீச்சின் தீங்கைக் கூட்டுமோ என்ற ஐயமே அதற்குக் காரணம். முதல் முடிவு ஆம் என்பதுபோல் காட்டியது. 1966-ல் ஜெமினி 11-ல் திரும்பச் செய்தபோது அது உறுதிப்படவில்லை.

குரோமோசோம் முறை இன்றும் பொன்தரமாகக் கருதப்படுகிறது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் இதற்கான ஆய்வகம் இயங்குகிறது. ஆனால் இதில் காலதாமதம் தவிர்க்க முடியாதது. லிம்போசைட்டுகளை இரண்டு நாள் வளர்த்தெடுத்து, பிரியும் நிலையில் நிறுத்தி, பயிற்சி பெற்ற கண்கள் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் கோபால்ட்-60 கதிர்மூலம் பிரிக்கப்பட்டபோது ஒருவர் இறந்தார், மேலும் சிலர் நோயுற்றனர். அத்தகைய வேளைகளில் யாரை முதலில் சிகிச்சைக்கு அனுப்புவது என்ற முடிவு இரண்டு நாள் காத்திருக்காது. நிலவுப் பாதையில் உள்ள கலத்திலோ செல்வளர்ப்பும் நுண்ணோக்கி எண்ணிக்கையும் நடைமுறைக்கே ஒத்துவராது.

மரபணு இயக்கத்தை அளக்கும் முறை இங்கேதான் நுழைகிறது. செல்லின் டிஎன்ஏ இழைகள் இரண்டும் ஒரே இடத்தில் அறுபட்டவுடன் ஏடிஎம் என்னும் புரதம் அதை உணர்கிறது. அது பி53 என்ற மற்றொரு புரதத்தைத் தூண்டி, அழியாமல் நிலைக்கச் செய்கிறது. பி53 செல்லின் காவல் அதிகாரி என்று சொல்லத்தக்கது. அது உட்கருவில் குறிப்பிட்ட மரபணுக்களின் வாசலில் அமர்ந்து அவற்றை இயக்குகிறது. சிடிகேஎன்1ஏ என்ற மரபணு இயங்கினால் செல் பிரியாமல் நிற்கும். பழுதான டிஎன்ஏ நகலெடுக்கப்படாமலிருக்க இந்த நிறுத்தம் அவசியம். டிடிபி2, எக்ஸ்பிசி ஆகியவை பழுதுநீக்கும் பணிக்கு வருகின்றன. பழுது மீள முடியாத அளவுக்குப் போனால் பிபிசி3 போன்றவை செல்லைத் தானாக மடியச் செய்கின்றன. எம்டிஎம்2 பி53-ஐயே திரும்ப அடக்கி, எச்சரிக்கை முடிந்ததும் செல்லை இயல்புநிலைக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு மரபணுவும் இயங்கும்போது அதன் செய்தி ஆர்என்ஏ நகல்கள் பெருகுகின்றன. அந்த நகல்களை எண்ணிவிடலாம். செல் வளர்ப்பு தேவையில்லை, சில துளி ரத்தம் போதும், சில மணி நேரத்தில் விடை கிடைக்கும்.

அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாலி அமண்ட்சன் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். ரத்தத்தில் கதிர்வீச்சின் சுட்டிகளாகக்கூடிய செய்தி ஆர்என்ஏக்களை அவரும் உடனாய்வாளர்களும் 2000-ல் அடையாளம் காட்டினர். 2008-ல் அவரது குழு 74 மரபணுக்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைச் சோதனைக்கூடத்தில் கதிர்வீச்சுக்கு ஆட்படுத்தி, 6 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் பார்த்தபோது, அரை கிரே முதல் 8 கிரே (உடல் ஏற்ற கதிராற்றலின் அலகு) வரையிலான அளவுகளை அந்தத் தொகுப்பு பிரித்துக் காட்டியது. ரத்தம் கொடுத்தவர் யார், எந்த மணி நேரத்தில் எடுத்தது என்பதையெல்லாம் தாண்டி ஒரே தொகுப்பு பொருந்தியதே அதன் சிறப்பு. டியூக் பல்கலைக்கழகக் குழு இதே காலத்தில், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் உடல் முழுவதும் கதிர்வீச்சு பெற்ற நோயாளிகளின் ரத்தத்தில் இத்தகைய தடத்தைக் கண்டது. சோதனைக்குழாயில் மட்டுமின்றி உயிருள்ள உடலிலும் முறை செல்லுபடியாகும் என்பதற்கு அது தக்க சான்று.

தனி மரபணுக்களில் எஃப்டிஎக்ஸ்ஆர் குறிப்பிடத்தக்கது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் பணிபுரியும் ஒரு நொதியின் மரபணு அது. பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் 2018-ல், புற்றுநோய்க் கதிர்சிகிச்சை பெற்றவர்களிடமும் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களிடமும் இதன் இயக்கம் உயர்வதைக் காட்டினர். ஸ்கேன் தரும் சிறிய அளவுக்கே அது விடையளித்தது என்பதால் விண்வெளி மருத்துவத்துக்கு அதன்மேல் இயல்பாகவே நாட்டம் உண்டு.

இத்தனையும் இருந்தும், விண்வெளியில் இந்த முறை அப்படியே பொருந்தாது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதல் இடர் காலம். பி53-ன் ஆணைக்குட்பட்ட மரபணுக்கள் கதிர்வீச்சு பட்ட ஒரு நாளுக்குள் உச்சம் தொட்டு, பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். ஒரே வேளையில் பட்ட பெரிய அளவை அவை தெளிவாகச் சொல்லும். நாளொன்றுக்கு அரை மில்லிசீவர்ட் வீதம் மாதக்கணக்கில் சேர்வதை அவை சொல்வது கடினம், ஏனெனில் அந்த அளவு செல்லின் அன்றாடப் பழுதுநீக்கத்துக்குள் கரைந்துவிடுகிறது. இரண்டாவது இடர் கன அணுக்கருக்கள். எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும் வரைந்த அளவுக்கோட்டை இரும்பு அணுக்கருவுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2003-ல் இயங்கத் தொடங்கிய நாசாவின் விண்கதிர் ஆய்வுக்கூடம் துகள்முடுக்கியின் உதவியால் இக்கருக்களைச் செல்கள்மீதும் எலிகள்மீதும் செலுத்தி இந்த வேறுபாட்டை அளந்துவருகிறது.

மூன்றாவது இடர் எடையின்மை. தைப்பூச நாளில் பழனி அடிவாரத்தில் ஒருவரின் குரலைப் பிரித்துக் கேட்பதுபோல, விண்வெளி தரும் பல அழுத்தங்களுக்கு நடுவே கதிர்வீச்சின் பங்கை மட்டும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. உடலின் திரவம் தலைப்பக்கம் ஏறுகிறது, தூக்கம் குலைகிறது, நோய் எதிர்ப்பாற்றல் மாறுகிறது. இவை ஒவ்வொன்றும் வெள்ளணுக்களின் மரபணு இயக்கத்தை மாற்றும். நாலரை முதல் ஆறரை மாதம் வரை விண்வெளி நிலையத்தில் தங்கிய 14 வீரர்களின் வெள்ளணுக்களைக் கனடாவின் ஒட்டாவா ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டனர். விண்வெளியை அடைந்ததும் நோய் எதிர்ப்பு சார்ந்த பல மரபணுக்கள் தணிந்தன, பூமிக்குத் திரும்பியதும் மீண்டும் உயர்ந்தன. திரவ நகர்வே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். கதிர்வீச்சு எதுவுமில்லாமலேயே மரபணு இயக்கம் இத்தனை மாறக்கூடும் என்றால், ஒரு மரபணுவின் உயர்வைக் கொண்டு அளவைச் சொல்லிவிட முடியாது. பல மரபணுக்களின் தொகுப்பு தேவைப்படுவது இதனால்தான்.

நாசாவின் இரட்டையர் ஆய்வு இதே பாடத்தை வேறு கோணத்தில் தந்தது. ஸ்காட் கெல்லி 2015-16-ல் 340 நாட்கள் நிலையத்தில் இருந்தார். ஒத்த இரட்டையரான மார்க் கெல்லி தரையில் இருந்தார். ஸ்காட் பெற்ற அளவு ஏறத்தாழ 146 மில்லிசீவர்ட். பயணத்தின் பின்பாதியில் அவரது மரபணு இயக்கத்தின் மாற்றங்கள் வேகமாகப் பெருகின. திரும்பிய ஆறு மாதத்தில் மாறிய மரபணுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பழைய நிலையை அடைந்தன. ஆனால் குரோமோசோம்களின் துண்டுகள் தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்ட தடங்கள் பயணத்துக்குப் பின்னும் எஞ்சின. அந்த ஆய்வைப் படிப்பவருக்குத் தோன்றும் நேரடியான முடிவு, மரபணு இயக்கம் அண்மைய நிகழ்வைச் சொல்கிறது, குரோமோசோம் நெடுநாள் சேர்ந்ததைச் சொல்கிறது என்பது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் மருத்துவருக்குப் பாதிப் படமே கிடைக்கும்.

மெல்லச் சேரும் சிறு அளவுக்கு மனித ரத்தம் எப்படி விடையளிக்கிறது என்பதைக் காண விண்வெளிக்கே போக வேண்டியதில்லை. பழனி மலைகளுக்குத் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலிருந்து கேரளத்தின் கொல்லம் வரை கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. அதிலுள்ள தோரியம் இடைவிடாமல் கதிர்வீச்சை உமிழ்கிறது. கேரளக் கரையில் ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்கும் குறைவான அளவு முதல் 45 மில்லிகிரே வரை வீட்டுக்கு வீடு மாறுகிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கேயே பிறந்து வாழ்கின்றனர். கருநாகப்பள்ளியில் நெடுங்காலம் நடந்த மக்கள்தொகை ஆய்வு, இந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009-ல் அறிவித்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கொல்லம் ஆய்வகம் அங்குள்ளவர்களின் வெள்ளணுக்களில் மரபணு இயக்கத்தை முழுமையாக ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டது. அளவு மிகுந்த வீடுகளில் வாழ்பவர்களிடம் டிஎன்ஏ பழுதை உணர்ந்து சீர்செய்யும் மரபணுக்கள் மிகுதியாக இயங்கின. இம்முடிவின் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிக்கக் கூடாது. கன அணுக்கருக்களோ எடையின்மையோ இல்லாத சூழலில், நீடித்த சிறு கதிர்வீச்சு மட்டும் விட்டுச்செல்லும் தடம் எப்படியிருக்கும் என்பதற்கு உயிருள்ள மனிதர்களிடமிருந்து கிடைத்த அரிய சான்று அது. விண்வெளி வீரர்களின் ரத்தத்தில் கதிர்வீச்சின் பங்கைப் பிரித்தறிய முயல்பவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தரவு தென்னிந்தியக் கரையிலேயே இருக்கிறது.

கலத்திலேயே சோதனை செய்வது கற்பனையன்று. இதுவரை பெரும்பாலும் நிலையத்தில் ரத்தம் எடுத்து, உறையவைத்து, பூமிக்கு அனுப்பித்தான் ஆராய்ந்தார்கள். ஆர்என்ஏ எளிதில் சிதையும் மூலக்கூறு என்பதால் போக்குவரத்தில் தகவல் இழக்கும் அபாயம் எப்போதும் இருந்தது. 2016-ல் வெட்லேப்-2 என்ற கருவியமைப்பின் மூலம் நிலையத்திலேயே ஆர்என்ஏ பிரித்தெடுக்கப்பட்டு, மரபணு இயக்கம் அளக்கப்பட்டது. அதே ஆண்டில் விண்வெளி வீராங்கனை கேட் ரூபின்ஸ் உள்ளங்கையில் அடங்கும் கருவியால் அங்கேயே டிஎன்ஏ வரிசையைப் படித்தார். செவ்வாய்ப் பயணத்தில் மாதிரியைத் திருப்பி அனுப்ப வழியில்லை. கியூரியாசிட்டி கலம் செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட். போய்வரும் பயணத்துக்கு மட்டும் 660 மில்லிசீவர்ட் அளவுக்கு ஆகும். நாசா ஒரு வீரரின் பணிக்காலம் முழுமைக்கும் விதித்துள்ள வரம்பே 600 மில்லிசீவர்ட்தான். அத்தகைய பயணத்தில் புயல் ஒன்று குறுக்கிட்டால் யாருக்கு ஓய்வும் மருந்தும் தேவை என்பதைக் கலத்துக்குள்ளேயே முடிவுசெய்தாக வேண்டும்.

இந்தியாவுக்கு இது தொலைதூர விவகாரமாக இனி இருக்க முடியாது. ராகேஷ் சர்மா 1984-ல் சல்யுத் 7 நிலையத்துக்குச் சென்று ஏறத்தாழ எட்டு நாள் விண்வெளியில் இருந்தார். சுபான்ஷு சுக்லா 2025 ஜூன்-ஜூலையில் சர்வதேச நிலையத்தில் 18 நாள் தங்கித் திரும்பினார். இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யான், வீரர்களை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு மூன்று நாள் அனுப்ப வகுக்கப்பட்டது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்பவை அரசு அறிவித்த இலக்குகள். மூன்று நாள் பயணத்தில் சேரும் ஓரிரு மில்லிசீவர்ட்டை இன்றைய எந்த மரபணுச் சோதனையும் காட்டாது. ஆயினும் அந்த மூன்று நாள் வீணாகக் கழியக் கூடாது. ஒருவரின் ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தை அளக்க மிகச் சிறந்த அடிப்படை, பயணத்துக்கு முன் பலமுறை எடுத்த அவருடைய சொந்த ரத்தமே. ஊரார் சராசரி அதற்கு ஈடாகாது. புறப்படுவதற்கு முன் வெவ்வேறு பருவங்களிலும், பயணத்தின்போதும், திரும்பிய பின் ஓராண்டு வரையிலும் மாதிரிகள் எடுத்து, குரோமோசோம் ஆய்வும் மரபணு இயக்க ஆய்வும் சேர்ந்தே நடந்தால், எடையின்மையின் தடம் எது என்பது கதிர்வீச்சு குறைந்த இந்தக் குறும்பயணங்களிலேயே தெளிவாகிவிடும். பின்னால் நிலவுக்குச் செல்பவரின் ரத்தத்தைப் படிக்க அந்தத் தெளிவு வேண்டும்.

இதற்கான துறைகள் நாட்டில் தனித்தனியே இருக்கின்றன: சூரியனைப் பார்க்கும் கொடைக்கானலும் ஆதித்யாவும், கடற்கரை மக்களின் ரத்தத்தை ஆராய்ந்த கொல்லமும், குரோமோசோம் எண்ணும் சென்னையும். வீரர்களைத் தேர்ந்து பயிற்றும் அமைப்பு இவற்றை ஒரே திட்டத்தில் சேர்த்து, முதல் ககன்யான் குழு புறப்படும் முன்பே மாதிரிச் சேமிப்பைத் தொடங்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய ரத்தத்தைப் பயணம் முடிந்தபின் எடுக்க முடியாது.